வரைய வராதபோது தனியாக ரயில் ஏறுவது ஏன்?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்து தங்கினால் முதல் இரவு தூங்க மாட்டார்கள். "எப்பிடித்தான் இதுக்குள்ள படுக்கிறியளோ" என்று காலையில் கேட்பார்கள். "எதுக்குள்ள?" என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். எங்களுக்கு அந்த ரயில் கேட்பதில்லை. காதில் கோளாறு ஒன்றுமில்லை. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து, அதனால் நமக்கு ஆபத்தும் இல்லை ஆதாயமும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். உளவியலில் இதைப் பழக்கமாதல் என்கிறார்கள்.

காதுக்கு நடப்பது கண்ணுக்கும் நடக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு அது நல்லதுதான். எங்கள் ஊரின் பரபரப்பான காலி வீதியைக் கடக்கும்போது ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் புதிதாகப் பார்த்ததுபோல் நின்று ரசித்தால் பஸ் அடித்துவிடும். ஆனால் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு, அதாவது வரைகிறவர், எழுதுகிறவர், மெட்டமைக்கிறவர், புகைப்படம் எடுக்கிறவர் யாராக இருந்தாலும், இது மெதுவாகக் கழுத்தைப் பிடிக்கும்.

நான் படம் வரைகிறவள். சிறுவர் புத்தகங்கள், கல்யாண அட்டைகள், எப்போதாவது ஒரு கண்காட்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பாளர் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் போன மாதமே அனுப்பிவிட்டீர்களே" என்றார். அது புதுப் படம். பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதே தென்னை, அதே சாய்வு, அதே பாட்டி, அதே கொண்டை. அந்த நேரத்தில்தான் மூத்த ஓவியர் ஒருவர் "இரண்டு நாள் எங்கேயாவது தனியாகப் போய்விட்டு வா" என்றார். எனக்கு அது ஆலோசனையாகவே படவில்லை. வேலை வராதவளைச் சுற்றுலா அனுப்புகிறாரே என்றுதான் நினைத்தேன்.

அவர் சொன்னது சுற்றுலா அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கிடையாது. கூட யாரும் வருவதில்லை. திரும்பி வரும்போது கையில் முடிந்த படைப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழகிப்போன கவனத்தைக் கொஞ்சம் குலைத்துவிட்டு வருவது மட்டும்தான் வேலை. கலைஞர்கள் தனிப் பயணம் என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, கவனத்தைக் குலைக்கப் புது இடம் போதாதா, ஏன் தனியாக? எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்விதான்.

நான் தெற்கே இருக்கும் காலி நகரத்துக்கு நண்பர்களோடு நாலைந்து தடவை போயிருக்கிறேன். கோட்டை மதிலில் நின்றிருக்கிறேன், வெளிச்சவீட்டடியில் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் பயணங்களில் நினைவில் இருப்பது யார் என்ன பகிடி சொன்னார் என்பதும், சாப்பிட எங்கே போவது என்று நடந்த நீண்ட விவாதமும்தான். அதே காலிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். மதிலின் கற்களுக்கு நடுவே பவளப்பாறைத் துண்டுகள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் கோட்டை அது. அத்தனை தடவை அதன்மேல் உட்கார்ந்து மாங்காய் தின்ற எனக்கு, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

கூட ஆள் இருந்தால் கண்ட எதையும் உடனே சொல்லாக்கிவிடுகிறோம். "அங்கே பார், எவ்வளவு வடிவு." "ஓம், நல்ல வடிவு." விஷயம் அதோடு முடிந்தது. பார்த்ததற்குப் பெயர் வைத்துவிட்டால் தொடர்ந்து பார்க்கத் தேவையில்லை. தனியாக இருக்கும்போது அந்த "வடிவு" வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பார்வை இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்தாக வேண்டும். அப்புறம் நடையின் வேகம். நாலு பேர் போனால் நாலு பேருக்கும் பொதுவான வேகத்தில்தான் நடக்க முடியும். ஒரு மீன்காரர் கத்தி தீட்டுவதை அரை மணி நேரம் நின்று பார்க்க உங்களோடு எந்த நண்பர் வருவார்? வந்தாலும், அவர் அலுத்துப் போகிறாரோ என்று பார்ப்பதிலேயே உங்கள் பாதிக் கவனம் போய்விடும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் நடுவில் நாம் ஏற்கனவே ஒருவராக இருக்கிறோம். என் நண்பர்களுக்கு நான் பகிடிக்காரி, தென்னை மரம் நன்றாக வரைபவள். அவர்களோடு எங்கே போனாலும் அந்த ஆளாகத்தான் பார்ப்பேன். ஒருவருக்கும் என்னைத் தெரியாத ஊரில் அந்த ஆளுக்கு வேலையில்லை.

நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் விளங்காத சங்கதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணம், கோயில், மரண வீடு என்று காரணம் இருந்தால் பயணம், போனால் கூட்டமாகத்தான். முதல் தடவை புறப்பட்டபோது பெரியம்மா, "என்ன பிள்ளை, தனியவோ போறாய்? வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். ரயிலில் எதிரே இருந்த சிங்கள அம்மாவும் அதே கவலையோடு "துவ, தனியமத யன்னே?" என்றார். மகள், தனியாகவா போகிறாய் என்று அர்த்தம். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்குள் இருக்கும் பரிதாபமும் ஒன்றுதான்.

சங்க காலப் பாணர்களும் கூத்தர்களும்கூட நடந்தபடியே வாழ்ந்தவர்கள். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே, பரிசு பெற்று வரும் கலைஞர் வழியில் எதிர்ப்படும் இன்னொரு கலைஞருக்கு "இந்த வழியாகப் போ" என்று சொல்வதுதான். ஆனால் அவர்கள் யாழும் முழவும் சுற்றமுமாகப் போனார்கள். பசியும் துரத்தியது. நாம் பேசுவது அதைவிடச் சொகுசான விஷயம், அதை ஒப்புக்கொண்டுவிடலாம்.

கொழும்பிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1877 இல் இங்கே பிறந்தவர், படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கி, கல்லும் மண்ணும் தேடி ஊரூராகப் போனார். போன இடங்களில் கைவினைஞர்களைக் கண்டார். கல் தேடப் போனவர் 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். மீதி வாழ்நாள் முழுக்கக் கலைதான். அவர் தனியாகப் போகவில்லை, மனைவி எதெலும் கூடப் போனார், நூலுக்குப் புகைப்படங்கள் எடுத்தவர் அவர்தான். ஆனாலும் ஒன்றைத் தேடிப் போன கண்ணில் வேறொன்று படுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டி, நாங்கள் இன்னும் கிறீன் பாத் என்று சொல்கிற வீதிக்கு அவருடைய பெயரைத்தான் வைத்தார்கள். அங்கேதான் இன்று ஓவியர்கள் நடைபாதையில் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள்.

ஜெஃப்ரி பாவாவையும் சொல்லலாம். சட்டத்தரணியாக இருந்தவர், 1946 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறக்குறைய இரண்டு வருடம் உலகம் சுற்றினார். திரும்பி வந்து பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய றப்பர் தோட்டம் வாங்கினார். அதைச் செதுக்கத் தொடங்கியவருக்குக் கட்டடக்கலை தேவைப்பட்டது. கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது வயது 38. கொழும்பு பேர வாவியில் நிற்கும் சீமா மாலகம் என்ற பௌத்த விகாரை அவருடைய வேலை. இரண்டு வருடம் ஊர் சுற்ற எல்லாருக்கும் வசதி இருக்காது என்பது வேறு கதை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, ஆனால் பயண விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. வில்லியம் மடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் பழைய புதிர் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய ஊசியாணிகள். மெழுகு தரையில் சிந்தாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் அடித்து அதை ஒரு தட்டாக்குவதுதான் விடை. பெட்டியை ஆணி வைக்கும் பெட்டியாக மட்டும் பார்ப்பவருக்கு அது தோன்றாது. வெளிநாட்டில் அதிக காலம் வாழ்ந்தவர்கள் இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வெறும் பயணமாகப் போய்வந்த காலத்துக்கு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை.

தனிப் பயணம் செய்கிறவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் எனக்கு இதிலிருந்து ஒன்று தோன்றுகிறது. (ஆய்வாளர்கள் சொன்னதல்ல, என் ஊகம்.) வாழ்வதற்கும் சுற்றிப் பார்ப்பதற்கும் வித்தியாசம், அங்கே உங்கள் பிரச்சினையை நீங்களே தீர்க்க வேண்டியிருப்பதுதான். பாண் எங்கே வாங்குவது, இந்த பஸ் எந்தப் பக்கம் போகும், இவரிடம் எந்த மரியாதையில் கதைப்பது. கூட்டமாகப் போனால் யாரோ ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொள்வார். இரண்டே நாள் போனாலும், தனியாகப் போகிறவர் அந்த இரண்டு நாளும் கொஞ்சம் வாழ்ந்தாக வேண்டும்.

நடப்பது பற்றிய ஆய்வு இதைவிடத் தெளிவு. ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014 இல் வெளியிட்டது. நடந்துகொண்டே யோசித்தவர்களின் படைப்பு யோசனைகள், உட்கார்ந்து யோசித்தபோது வந்ததைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஒரே சரியான விடையைத் தேடும் கணக்குகளுக்கு மட்டும் நடை உதவவில்லை. ஆகவே வருமான வரிப் படிவத்தை உட்கார்ந்தே நிரப்புங்கள்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கலைப் பல நாள் உருட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், மனம் பின்னால் அதைத் தன்பாட்டில் கிளறிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கிரகாம் வாலஸ் என்பவர் 1926 இல் இதை அடைகாத்தலுக்கு ஒப்பிட்டார். பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி பொன்காரே சொன்ன அனுபவம் பிரபலமானது. பல நாள் மண்டையை உடைத்த கணக்கின் திறவுகோல், ஒரு பயணத்தில் பஸ் படியில் கால் வைத்த கணத்தில் வந்ததாம். நூறாம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது: அவர் அதற்கு முன் கடுமையாக வேலை செய்திருந்தார். அடைகாக்க முதலில் முட்டை வேண்டும். ஒன்றுமே தொடங்காமல் பயணம் போனால் நல்ல சாப்பாட்டோடு திரும்பலாம், அவ்வளவுதான்.

இனி எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். முதல் பயணத்துக்கு ஊரைவிட்டே போக வேண்டாம். ஓர் அரை நாளை எடுத்துக்கொண்டு புறக்கோட்டையில் இறங்குங்கள். எங்கள் பலருக்கும் அது சாமான் வாங்கிவிட்டு மூச்சுப் பிடித்து ஓடிவரும் இடம். அன்று எதுவும் வாங்காதீர்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறது, சிவப்பும் வெள்ளையுமாக, 1909 இல் கட்டி முடித்தது. எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். நீங்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, வண்டி தள்ளும் நாட்டாமிகள் எந்தக் காலை முன்வைத்து எடையைக் கிளப்புகிறார்கள் என்று பாருங்கள். அங்கிருந்து செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி வழியாக 1757 இல் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம்வரை நடக்கலாம். நகைக்கடை வெளிச்சம், கோயில் மணி, ஒல்லாந்தர் காலச் சுவர். தூரமோ கொஞ்சம்தான்.

அடுத்தது ஒரு நாள் ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்தில் தெற்கே போகும் கரையோர ரயிலில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். அளுத்கமவரையோ காலிவரையோ போய் அன்றே திரும்பலாம். வார நாளில் போங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும் அதை ஒட்டிய விடுமுறையையும் தவிருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரின் முழங்கையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் கறுத்துக் கொந்தளிக்கும். சாம்பல் நிறங்களை விரும்புகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம் என்பேன். மலைநாட்டுப் பாதை அழகுதான். மழைக்காலத்தில் மண்சரிவால் தடைபடுவதுண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மூன்றாவதாக, இரண்டு இரவு தங்கும் பயணம். அது தானாகவே ஆசை வரும்போது போகட்டும்.

பையில் நான் வைப்பது: உள்ளங்கை அளவு வரைபுத்தகம், ஒரு பென்சில், ஒரு கறுப்புப் பேனா, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை. கடைசியானதைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதை வீட்டில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எங்களுக்கு இல்லை. காதில் பாட்டு வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் புகைப்படம் போதும் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறேன், பதினோராவதை வரைந்தாக வேண்டும். எதையும் வீடு திரும்பும்வரை முகநூலில் போடுவதில்லை. போட்ட அடுத்த நிமிடமே கூட்டம் கூட வந்துவிடும், அப்புறம் எங்கே தனிமை. வரையத் தொடங்கும் முன் ஓரிடத்தில் நாற்பது நிமிடம் சும்மா இருங்கள். முதல் இருபது நிமிடம் சலிப்பாக இருக்கும். அதைத் தாண்ட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. பெண்கள் தனியாகப் போகும்போது தொல்லை வராது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. இருட்டு முன் தங்குமிடம் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள், முதல் இரவுக்கான அறையை முன்பே ஒழுங்கு செய்யுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990. இராணுவ முகாம், துறைமுகம் போன்ற இடங்களுக்கு முன்னால் நின்று வரையவோ படமெடுக்கவோ வேண்டாம். "கலைக்காகத்தான்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

முதல் நாள் வெறுமையாக இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். சாப்பாட்டு நேரம்தான் மோசம். கடையில் தனியாக உட்கார்ந்தால் எல்லாரும் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். நான் ஆரம்பத்தில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு அறையில் போய்ச் சாப்பிட்டேன். ஒருவரும் பார்ப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. மற்றபடி, மாதக்கணக்காகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, எழும்பவே முடியவில்லை என்றால் அது வரைய வராத பிரச்சினை அல்ல. ரயில் நிலையத்துக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

என் மன்னார்ப் பயணத்தைச் சொன்னால் மீதி விளங்கும். கோட்டையிலிருந்து தலைமன்னார் ரயில். பள்ளிமுனையில் பெரிய பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்த இனம் என்பார்கள், அடிமரம் ஓர் அறையளவு. அதை வரையத்தான் போனேன். நாலு படம் வரைந்தேன். நாலும் கொஞ்சம் கொழுத்த தென்னைபோல் இருந்தன. எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு, மறுநாள் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் போய் உட்கார்ந்தேன். மன்னாரில் கழுதைகள் வீதியில் தன்பாட்டில் திரியும். எதிரே பூட்டிய கடையொன்றின் நிழலில் ஐந்து கழுதைகள் வரிசையாக நின்றன. வெயில் நகர நகர நிழல் ஒடுங்கியது. ஓரத்தில் நின்ற கழுதையின் முதுகில் வெயில் பட்டதும் அது ஓர் அடி உள்ளே வைத்தது, மற்ற நாலும் ஆளுக்கோர் அடி தள்ளி நின்றன. கொஞ்ச நேரம் கழித்து இன்னோர் அடி. ஒன்றரை மணி நேரம் அதைப் பார்த்தேன். இரண்டு பிளேன்டீ, ஒரு வடை. வரைந்தது ஐந்து கோடுகள்தான், நிழலின் விளிம்பு மட்டும்.

வீடு திரும்பிய மறுநாள் அதிகாலை திடுக்கிட்டு எழும்பினேன். ரயில். கட்டிலே அதிர்ந்தது. இத்தனை வருடம் இதற்குள்தான் படுத்தோமா என்று எழும்பி உட்கார்ந்தேன். அடுத்த நாளும் கேட்டது. அந்த நாட்களை வீணாக்கக் கூடாது. திரும்பி வந்தபின் மூன்று நான்கு நாளுக்கு வேறு வேலை ஒப்புக்கொள்ளாமல் மேசையை மட்டும் காலியாக வைத்திருங்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், பதிப்பாளர் கேட்டிருந்த அந்தப் பாட்டியை எடுத்தேன். அதே கொண்டைதான் வந்தது. ஆனால் இம்முறை அவரை முற்றத்தில் ஒரு கதிரையில் இருத்தி, ஆறு படங்களாகப் பிரித்தேன். காலையிலிருந்து மத்தியானம்வரை நிழல் நகர்கிறது, பாட்டி கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போகிறார், ஆறாவது படத்தில் சுவரோடு ஒட்டிப்போய் நெடுக்காக நிற்கிறார். வரைந்து முடித்த பிறகுதான் அது யாரென்று எனக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் எடுத்தார். எங்கே போனேன், என்ன சாப்பிட்டேன், எப்படித் தனியக் கிடந்தேன் என்று விசாரணை. சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில், "பொறு பிள்ளை, ரயில் போகட்டும், ஒண்டும் விளங்கேல்லை" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.